ஸ்கேலும் பாட்டியின் கண்ணும்

எங்கள் வீட்டில் அரிசியில் கல் பொறுக்குவது மாமியாரின் வேலை. வயது எழுபத்தொன்று. கொஞ்ச நாளாகப் பொங்கலில் கல் கடிபட ஆரம்பித்தது. "அத்தைக்கு அக்கறை போயிடுச்சு" என்று நானே முணுமுணுத்தேன். ஏழாவது படிக்கும் மகளோ, "பாட்டி, நீ கல்லை விட்டுட்டு அரிசியைப் பொறுக்கறியா?" என்று சிரித்துவிட்டாள். மறுநாள் அத்தை முறத்தைத் தொடவில்லை.

எனக்கு மனசு உறுத்தியது. திட்டினால் கேட்கிற பெண்ணா அது? ஞாயிற்றுக்கிழமை அவள் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு வேலை கொடுத்தேன். கண்ணாடி இல்லாமல், பேப்பரின் பொடி எழுத்தை எவ்வளவு கிட்டத்தில் வைத்துப் படிக்க முடிகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் அளக்க வேண்டும்.

அவளுக்கு 8 சென்டிமீட்டர். காலேஜ் படிக்கும் அண்ணனுக்கு 10. அவள் அப்பாவுக்கு 40. நாற்பத்துநாலு வயதான எனக்கு 30! ஊசியில் நூல் கோர்க்க நான் ஏன் ஜன்னலண்டை ஓடுகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நூறை அந்தத் தூரத்தால் வகுத்தால், கிட்டத்தில் பார்க்கக் கண் கூட்டிக்கொள்ளும் சக்தி டயாப்டரில் வரும். (கிட்டப்பார்வைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.) அவளுக்குப் பன்னிரண்டரை, எனக்கு மூன்று சொச்சம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயது ஏற ஏற விறைத்துப்போகிறது, அதனால்தான். கிராப் தாளில் கோடு மலைக்கோவில் படி மாதிரி இறங்கியது.

அத்தையைக் கண்ணாடியோடு, ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னோம். வலது கண்ணால் படித்தார். இடது கண்ணில் "ஒரே புகையா இருக்குடி" என்றார்.

"அம்மா, பாட்டியோட ஒரு கண்ணு மட்டும் ஏன் இப்படி?"

அதுதானே! வயதானால் இரண்டு கண்ணும்தான் விறைக்கும்; அதற்குக் கண்ணாடி போதும். கண்ணாடி போட்டும் ஒரு கண் மங்கினால், 'வயசாச்சு' என்று விட்டுவிடலாமா? செவ்வாய்க்கிழமையே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கண்புரை. முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் வெளுத்துவிடுகிறதே, அந்த மாதிரி லென்ஸ் வெளுத்திருந்தது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தார்கள். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டோம். பணத்துக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள், சகோதரிகளே. 1976-ல் ஆரம்பித்த தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகவே செய்கிறார்கள்.

எத்தனை நாள் அந்தப் புகைக்குள்ளிருந்து கல் பொறுக்கினாரோ! நான் அக்கறை இல்லை என்றேன்.

போன வாரம் புதுக் கண்ணாடியோடு அத்தை முறத்தை எடுத்து உட்கார்ந்தார். பேத்தி கூப்பிடாமலே பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உன் ஸ்கேலை எடுத்து வா. இந்தக் கண்ணை மறுபடி அளந்து நோட்டில் எழுது" என்றார் அத்தை.