ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போ

மதுரை

அன்பு மருமகளுக்கு,

நீ கேமரா வாங்கிய செய்தியைப் படித்ததும் அக்காவுக்குப் போன் போட்டு, "உன் தம்பியைப் பிடித்த கிறுக்கு உன் மகளையும் பிடித்துவிட்டது" என்றேன். சிரித்தாள்.

விடுமுறைக்குள் பார்த்து முடிக்க ஒரு நீளப் பட்டியல் அனுப்பியிருக்கிறாய். எல்லா ஊரையும் சுற்றிவிடலாம், படம்தான் தேறாது. ஒரே ஊரைப் பிடித்துக்கொள். நான் ஃபிலிம் ரோல் போட்ட காலத்திலிருந்து செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இன்னும் எடுத்துத் தீரவில்லை.

புதிதாகப் போகிறவர்கள் அங்குள்ள செட்டியார் வீடுகளின் முகப்பையும் அதன் மேலிருக்கும் கஜலட்சுமியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வீடே உள்ளேதான் இருக்கிறது. ஒரு தெருவில் வாசல் என்றால் கொல்லைக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். நடுவில் முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. உச்சிவெயிலில் முற்றம் வெளுத்துப்போய், பர்மாத் தேக்குத் தூண்கள் கரியாகத்தான் விழும். காலை எட்டு மணிக்குள் போ. மேற்குப் பக்கத் தூண்களில் வெயில் மேலிருந்து மெல்ல இறங்கும். அகல லென்ஸை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உள்ளே சாயும். ட்ரைபாடில் மட்டம் பார்த்து வை. ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், அதை அப்படியே உன் மேல் திருப்பி அடிக்கும்.

வளவைச் சுற்றியுள்ள அறைகளைக் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். இப்போது பலவும் பூட்டித்தான் கிடக்கின்றன. கல்யாணம், கோயில் காரியம் என்றால் திறக்கும். ஒரு வீட்டு ஆச்சி முதல்தடவை என்னைத் திண்ணையோடு நிறுத்திவிட்டார். அங்கேயே அவரை ஒரு படம் எடுத்து, அடுத்த முறை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தவர், "காது தோடு நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லி, இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்தார். அதற்குப் பிறகு எடுத்தவைதான் என் நல்ல படங்கள்.

தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்கிற பக்கத்து ஆத்தங்குடிக்கும் ஒருநாள் ஒதுக்கு. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும், பூ கலையாமல் மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவும் கை இருக்கிறதே, அதை எடு. கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுப்பது, சூளையே கிடையாது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. ஆனாலும் பங்காளிகள் ஒத்துப்போகாமலும் பராமரிக்க முடியாமலும் வீடுகள் பிரிக்கப்படுகின்றன. தூணும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. அப்படிப் போன ஒரு வீட்டின் பேரன் மலேசியாவிலிருந்து என்னிடம் கேட்டது முகப்புப் படத்தை அல்ல. தன் அப்பத்தா அறைக் கதவின் படத்தை. திரும்பத் திரும்பப் போனதால் அது என்னிடம் இருந்தது.

தை பிறந்ததும் வா, சேர்ந்தே போகலாம். லென்ஸுக்கு வைத்திருக்கும் காசில் கொஞ்சம் பிரிண்டுக்கு ஒதுக்கு. அக்காவையும் கூட்டி வா; ஆச்சிமாரிடம் பேசிக் கதவைத் திறக்கவைப்பதில் அவளுக்கு முன்னால் நான் நிற்க முடியாது.

அன்புடன்,
மாமா