கோடு நின்ற இடம்

கவிதையில் சொல்லாமல் விடுவதைப் பற்றி நண்பர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு ஒரு படம் ஞாபகம் வருகிறது. காரகோரம் பிரதேசத்தின் நில அளவைப் படம். மழை எட்டாத, செடிகொடியற்ற பள்ளத்தாக்குகள். மேலே பாறையும் பனியும். சம உயரக் கோடுகள் அங்கே ஒன்றையொன்று தொட்டுவிடும்போல் நெருங்கிக் கிடக்கின்றன. நெருக்கம் என்றால் செங்குத்து. இந்த ஒரு விதி தெரிந்தால் போதும், தாளைப் பார்த்தே மூச்சு வாங்கும்.

1856-இல் மாண்ட்கோமரி, காஷ்மீரத்து ஹரமுக் மலையிலிருந்து, வெகு தொலைவில் தெரிந்த இரு சிகரங்களைக் கோட்டுருவமாக வரைந்து கே1, கே2 என்று எழுதிவைத்தார். முதலாவதற்கு மஷர்புரூம் என்ற உள்ளூர்ப் பெயர் கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு அளவைக்காரரின் அடையாளமே தங்கிவிட்டது. இவ்வளவு பார்த்தேன், பெயர் தெரியாது என்கிற நேர்மை அந்த ஓரெழுத்திலும் ஓரெண்ணிலும் இருக்கிறது. எந்த அடைமொழியைவிடவும் எனக்கு அது கவிதைக்கு நெருக்கமாகப் படுகிறது.

அதே மலைகளில் இன்னொரு குறியீடு: என்ஜே9842. 1949-இல் கராச்சியில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒப்புக்கொண்ட போர்நிறுத்தக் கோடு இந்தப் பக்கம் வந்து முடிந்தது. அதற்கப்பால், அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை என்ற பொருளில் சில வார்த்தைகள் மட்டும். 1972-இல் கோட்டைத் திரும்ப வரைந்தபோதும் அந்தப் புள்ளியோடு நிறுத்திக்கொண்டார்கள். மனிதர் தங்க முடியாத இடத்துக்கு யார் சண்டைக்கு வருவார்கள் என்ற அனுமானம் போலும். வடக்கு என்றால் நேர் வடக்கா, மலைமுகட்டை ஒட்டிய வடக்கா? 1984-இல் இந்தியப் படை சியாச்சினை அடுத்த சால்டோரோ முகட்டில் ஏறியது. குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்கள் அதிகம். 2003-இல் துப்பாக்கிகள் ஓய்ந்தபிறகும் சாவு ஓயவில்லை. 2012-இல் பாகிஸ்தான் தரப்பில் கயாரி முகாமில் 140 பேர் புதைந்தார்கள். 2016-இல் மதராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 பேர். அவர்களில் தமிழ்நாட்டவரும் உண்டு.

அந்தப் பெயர்களைப் பத்திரிகையில் படித்த நாளிலிருந்து ‘பூடகம்’ என்ற விமர்சனச் சொல்லை என்னால் லேசாக உபயோகிக்க முடியவில்லை. தெரிந்த எல்லை வரை சொல்லி நிறுத்துவது ஒன்று. முடிவு செய்ய மனமில்லாமல் நிறுத்துவது வேறு. முதலாவதில் வாசகன் மேலே நடந்துபோக இடமிருக்கிறது. இரண்டாவதில், எழுதியவன் போகாத இடத்தில் வேறு யாரோ போய் நிற்க வேண்டியிருக்கிறது. நம் கவிதைகளில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. தாளில் இரண்டும் ஒரே வெள்ளையாகத்தான் தெரிகின்றன.