சுனையை வெட்டியது யார்?

நார்த்தாமலை விசயாலய சோழீச்சுரத்தில் உள்ள ஒரு கல்வெட்டுதான் என்னை இந்தத் தேடலில் இறக்கிவிட்டது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி மழையால் சேதமாகிவிட, மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்தார் என்கிறது அது. கருங்கல் கோயிலை மழை சிதைக்குமானால், கோயில் நிற்கும் பாறையை என்ன செய்திருக்கும்? அந்தப் பாறைச் சரிவில் சுனைகள் வேறு இருக்கின்றன. அவற்றை வெட்டியது யார்?

ஊரில் கேட்டால் அனுமார் வரை போகிறார்கள். சஞ்சீவி மலையைத் தூக்கிப்போனபோது சிதறிய துண்டுகள்தான் இந்தக் குன்றுகளாம். கல் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் மட்டும் அனுமாரை விட்டுவிட்டு விரலால் பாறையைத் தடவினார். “உளி பட்டிருந்தா பொளி தெரியும் தம்பி. இங்க ஒண்ணும் இல்ல பாருங்க. இது ஆள் வேலை இல்ல.”

எறும்பூரக் கல்லும் தேயும் என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் சுனையில் ஊர்வது எது? தண்ணீர் சும்மாதானே நிற்கிறது!

கணக்கைப் பார்த்தால் இன்னும் குழப்பம். பாறையின் எலும்பு, சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பு. ஒரு மோல் பிணைப்பை அறுக்க ஏறத்தாழ 450 கிலோஜூல் வேண்டும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் ஹைட்ரஜன் பிணைப்போ 20 கிலோஜூலை ஒட்டியது. இந்த நோஞ்சான் அந்தப் பயில்வானைச் சாய்ப்பது எப்படி?

நேருக்கு நேர் மோதி அல்ல. நீர் மூலக்கூறு நேர்க்கோடாக இல்லாமல் 104.5 பாகையில் வளைந்திருக்கிறது. அதனால் ஆக்சிஜன் பக்கம் லேசாக எதிர்மின்னூட்டமும், ஹைட்ரஜன் பக்கம் லேசாக நேர்மின்னூட்டமும் தங்குகின்றன. கருங்கல்லில் பெரும்பங்கு ஃபெல்ஸ்பார். அதன் சிலிக்கா-அலுமினாக் கூட்டுக்குள் பொட்டாசியம், சோடியம் அயனிகள் அவ்வளவு இறுக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் மழைநீர் மெல்லிய அமிலம், அதன் பி.எச். 5.6 அளவில் இருக்கும். அதிலுள்ள ஹைட்ரஜன் அயனி பொட்டாசியத்தின் இடத்தைப் பிடிக்கிறது. வெளியேறிய பொட்டாசியத்தை நீர் மூலக்கூறுகள் தங்கள் ஆக்சிஜன் முகத்தைக் காட்டிச் சூழ்ந்து, திரும்ப விடாமல் கொண்டுபோகின்றன. பிறகு அலுமினியம்-ஆக்சிஜன்-சிலிக்கான் பாலங்களின் முறை. பாலத்துக்கு ஒரு நீர் மூலக்கூறு தன்னையே பிளந்து கொடுக்கிறது. பிணைப்பு அறுபடும்போதே புதுப் பிணைப்பு உருவாவதால் 450 கிலோஜூலை மொத்தமாகச் செலுத்தும் தேவையே எழுவதில்லை. கடைசியில் மிஞ்சுவது வெள்ளைக் களிமண், கயோலின்.

சிறு குழி ஒன்றின் விளிம்பைச் சுரண்டிப் பார்த்தேன். மாவு போல வெளுத்த ஒன்று நகத்தில் ஒட்டியது. கூடவே கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்மையான மணிகள். மாவு, ஃபெல்ஸ்பார் இருந்த இடம். மணிகள் குவார்ட்ஸ், நீர் அதை அநேகமாகக் கரைப்பதில்லை, பிடிமானம் போனதும் தானே உதிர்ந்துவிடுகிறது. அடைமழையில் நிரம்பி வழியும் நீர் அந்த மணலையும் கழுவிக்கொண்டு போகிறது. வழுக்குப் பாறையில் விழுந்த மழை ஓடிவிடும். பள்ளத்தில் விழுந்தது தங்கும். தங்கினால் பள்ளம் ஆழமாகும், ஆழமானால் இன்னும் அதிக நாள் தங்கும். பாறையில் ஏற்கெனவே வெடிப்பு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கருங்கல் குன்றுகளிலும் இப்படிப்பட்ட குழிகள் உண்டு. அங்குள்ள பூர்வகுடிகள் அவற்றின் வாயைக் கல்லால் மூடி, நீர் ஆவியாகாமல் காத்துக் குடித்திருக்கிறார்கள்.

வெற்றுக் கருங்கல் பத்து லட்சம் ஆண்டில் சில மீட்டர் தேய்ந்தாலே அதிகம். குழியில் வேகம் கூடும் என்று வைத்துக்கொண்டாலும், சோழர், முத்தரையர் காலக் கணக்குக்குள் ஆழமான சுனை அடங்காது. ஆனால் நார்த்தாமலையின் மேலமலைச் சரிவில் உள்ள தலையருவிச் சுனையில், தண்ணீருக்கு அடியில், பாறையைக் குடைந்து ஒரு லிங்கம் வைத்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில், புதுக்கோட்டை மன்னர் ராமச்சந்திர தொண்டைமான் காலத்தில், அரசியார் நீரை இறைக்கச் செய்து அதை வழிபட்டிருக்கிறார். குடைவு மட்டும் சந்தேகமில்லாமல் உளி வேலை. சுனை அதற்கு வெகு காலம் முந்தியது என்றால், அந்தத் தச்சரும் முதலில் தண்ணீரை இறைத்துவிட்டுத்தான் உளியைக் கையில் எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால், சுனை வற்றிய ஏதோ ஒரு பஞ்ச காலத்தில்.