கர்நாடகம் என்றொரு புனைபெயர்

கூகுளில் 'கல்கி' என்று மட்டும் தட்டினால் ஒரு கூட்டமே வந்து நிற்கும். விஷ்ணுவின் பத்தாவது அவதாரம், 2024இல் வந்த பிரபாஸ் படம், 1941இல் தொடங்கிய பத்திரிகை. அவர்களுக்கு நடுவே எங்காவது, கல்கி என்ற பெயரில் எழுதிய ரா. கிருஷ்ணமூர்த்தி. வேண்டாதவர்களை அனுப்பிவைக்கக் கழித்தல் குறி போதும். 'கல்கி' என்று எழுதி, இடைவெளி விட்டு, '-அவதாரம் -பிரபாஸ்' என்று சேர்த்தால் கூட்டம் பாதியாகக் கரையும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் மட்டும் இடைவெளி கூடாது.

மற்ற வித்தைகளும் இதே அளவு எளியவைதான். சொற்றொடர் அப்படியே வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள் குறி. பிடிஎஃப் மட்டும் போதுமென்றால் 'ஃபைல்டைப்', ஒரே தளத்துக்குள் தேட 'சைட்'. இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, ஒட்டினாற்போல் வேண்டியதைச் சேர்க்க வேண்டும். பத்து நிமிடத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். அதற்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது.

கல்கி ஆனந்த விகடனில் எழுதிய இசை விமர்சனங்களைத் தேடினேன். அவற்றுக்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'கர்நாடகம்'. பழம்பஞ்சாங்கம் என்று தன்னையே கிண்டல் செய்துகொள்ளும் பெயர், தேடுகிறவனுக்கோ தலைவலி. காவிரி வழக்கு, பெங்களூரு மழை, சட்டமன்றத் தேர்தல் எல்லாம் வந்து விழும். இங்கே கழித்தல் குறி எடுபடாது, எத்தனையைத்தான் கழிப்பது? கூட்டத்தான் வேண்டும். அந்தக் கட்டுரைக்குள் நிச்சயம் இருக்கக்கூடிய சொற்களை யோசித்து 'கச்சேரி', 'பல்லவி', 'பக்கவாத்தியம்' என்று பக்கத்தில் வைத்தால் மாநிலம் தானாக விலகிவிடும்.

பாடகர் பெயரையும் சேர்க்கலாமே என்றால், அரியக்குடி ஒருவரையே ராமானுஜ ஐயங்கார், ராமாநுஜ ஐயங்கார், ராமானுஜய்யங்கார், இராமானுஜ அய்யங்கார் என்று அவரவர் விருப்பப்படி அச்சிட்டிருக்கிறார்கள். மேற்கோள் குறிக்குள் ஒன்றைப் பூட்டினால் மற்ற மூன்றும் வெளியே நிற்கும். 'அல்லது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் இடையிட்டு நான்கையும் கோப்பதுதான் வழி. வேற்றுமை உருபும் இப்படித்தான்: 'விமர்சனம்' என்று பூட்டிவிட்டு, 'விமர்சனத்தில்' ஏன் வரவில்லை என்று கணினியைக் கோபித்துப் பயனில்லை.

கண்ணுக்கே தெரியாத வேறுபாடுகளும் உண்டு. 'ஔவை' என்பதை ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ஒப்பேற்றுகிறவர்கள் ஏராளம். பார்வைக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. 'ஸ்ரீ'க்கும் யூனிகோடில் இரண்டு வழி இருக்கிறது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் ஆரம்ப நூல்களை டிஸ்கி போன்ற பழைய எழுத்துக் குறியாக்கங்களில்தான் ஏற்றியது. யூனிகோடுக்கு மாறியது பிறகுதான். அந்தக் காலத்துக் கோப்பு ஏதேனும் மாற்றப்படாமல் எங்காவது கிடந்தால், யூனிகோடில் தட்டும் எந்தச் சொல்லுக்கும் அது மசியாது.

வெளிநாட்டு நூலகப் பட்டியல்கள் தனி உலகம். 'சங்கீதம்' என்பதை நாம் ஆங்கிலத்தில் எஸ் போட்டுத் தொடங்குவோம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையிலோ சகரத்துக்கு எப்போதும் சி. இது தெரியாமல் அங்கே தமிழ் நூல் தேடப் போகிறவர், கையருகில் இருக்கும் புத்தகத்தையே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

பக்கங்களை வெறும் படமாக ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால் இந்தக் கெட்டிக்காரத்தனம் எதுவும் செல்லாது. உள்ளே எழுத்தே இல்லை, படம்தான் இருக்கிறது. அப்போது சொல்லை விட்டுவிட்டுக் காலத்தைப் பிடிப்பேன். கல்கி விகடனில் இருந்தது 1930களில். சென்னையில் சபைக் கச்சேரிகள் களைகட்டுவது டிசம்பர் கடைசியில். ஆகவே அந்த வருடங்களின் தொகுதிகளில் ஜனவரி இதழ்களை முதலில் புரட்டுகிறேன்.