இன்றைய சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தவர் நேற்றே கிளம்பிவிட்டார்!

ஸ்பெயினின் வடக்கே, லா ரியோஹா மாநிலம் முடிகிற இடத்தில் கிரான்யோன் என்றொரு கிராமம். சில நூறு பேர்தான் வசிக்கிறார்கள். சுற்றிலும் கோதுமை வயல், நடுவில் கல்லால் கட்டிய பழைய தேவாலயம். அதை ஒட்டியே ஒரு சத்திரம். கட்டில் கிடையாது, தரையில் மெத்தைகள்தான். கட்டணப் பலகையும் கிடையாது. மூடாமல் திறந்தே வைத்த ஒரு மரப்பெட்டி மட்டும் இருக்கிறது. ‘உங்களால் முடிந்ததைப் போடுங்கள், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பது அந்தப் பெட்டியின் அறிவிப்பு.

ஆமாம், ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றும்தான் சொல்கிறது!

இந்த மாதிரிச் சத்திரங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் சம்பளக்காரர்கள் அல்ல. கனடாவிலிருந்தோ, இத்தாலியிலிருந்தோ, ஜெர்மனியிலிருந்தோ சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வரும் தன்னார்வலர்கள். ஸ்பானிய மொழியில் இவர்களுக்கு ‘ஒஸ்பித்தலேரோ’ என்று பெயர். வழிப்போக்கர்களை வரவேற்று உபசரிப்பவர் என்று பொருள். பொதுவாக 15 நாள் தங்குவார்கள். படுக்க இடமும் சாப்பாடும் உண்டு. சம்பளம் ஒரு யூரோகூட இல்லை.

யாருக்காக இத்தனை பாடு? நடந்து வருபவர்களுக்காக. பிரான்ஸ் எல்லையில் இருக்கும் சான் ஜான் பியே த போர் என்ற ஊரிலிருந்து, ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா வரை கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர். மலை ஏறி, வயல் கடந்து, தினம் 20, 25 கிலோமீட்டர் நடந்தால் ஐந்து வாரத்தில் போய்ச் சேரலாம். இயேசுவின் சீடர் யாக்கோபின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பிக்கை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் நடக்கும் இந்தப் பாதைக்கு ‘கமீனோ’ என்று பெயர். நடுவில் பாதை கிட்டத்தட்ட மறக்கப்பட்டே போயிருந்தது. 1980-களில் ஓ செப்ரெய்ரோ என்ற மலைக்கிராமத்துப் பாதிரியார் எலியாஸ் வலீனா, மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு கிளம்பி மரத்திலும் பாறையிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனார். இன்றைக்கும் நடப்பவர்களுக்கு வழி காட்டுவது அந்த மஞ்சள் அம்புகள்தான். 1993-ல் யுனெஸ்கோ இதன் ஸ்பெயின் பகுதியை உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது. 2024-ல் மட்டும் ஏறக்குறைய 5 லட்சம் பேர் யாத்திரை முடித்ததற்கான சான்றிதழை சாந்தியாகோவில் வாங்கியிருக்கிறார்கள்.

பக்தியோடு வருபவர்கள் உண்டு. வேலை போனவர்கள், துணையை இழந்தவர்கள், கல்லூரி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாதவர்கள், சும்மா நடந்து பார்க்க வந்தவர்கள் எல்லோரும் உண்டு. சத்திரத்தில் யாரிடமும் காரணம் கேட்பதில்லை.

கழிவறையில் தொடங்கும் காலை

‘வெளிநாட்டில் தன்னார்வத் தொண்டு’ என்றதும் மனதில் வரும் படம் வேறு. இங்கே நடப்பது வேறு.

விடிவதற்கு முன்பே நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு ஆட்கள் கிளம்பத் தொடங்கிவிடுவார்கள். காலை 8 மணிக்குள் சத்திரம் காலி. பிறகு ஒஸ்பித்தலேரோவின் கையில் துடைப்பம். கழிவறைகளைக் கழுவ வேண்டும். குளியலறையின் அடைப்பில் சிக்கிய முடியை எடுக்க வேண்டும். ஒவ்வொரு மெத்தையையும் தூக்கிப் பார்த்து, தையல் ஓரங்களில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒன்றே ஒன்று தப்பினாலும் அது யாருடைய பையிலாவது ஏறி அடுத்த ஊருக்கும் யாத்திரை போய்விடும்!

அப்புறம் கடைக்குப் போக வேண்டும். இன்று 20 பேர் வருவார்களா, 40 பேர் வருவார்களா, யாருக்கும் தெரியாது. பல தொண்டுச் சத்திரங்களில் முன்பதிவு கிடையாது. முதலில் வருபவருக்கே இடம். பெட்டியில் இருக்கும் காசுக்கு என்ன வாங்க முடியுமோ அதுதான் மெனு. பருப்பு சூப், பாஸ்தா, சாலட், ரொட்டி. ஸ்பெயின் என்பதால் மேஜையில் வைனும் இருக்கும்.

மதியம் ஒருவர் ஒருவராக வந்து விழுவார்கள். விழுவார்கள் என்பதுதான் சரியான வார்த்தை. ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் 25 கிலோமீட்டர் நடந்தவரிடம் முதலில் பாஸ்போர்ட் கேட்பதில்லை. ஒரு டம்ளர் தண்ணீர், உட்கார ஒரு நாற்காலி, முதுகிலிருந்து பையை இறக்க ஒரு கை. அதன் பிறகே மற்றதெல்லாம். காலில் கொப்புளம் இல்லாதவர் அபூர்வம். ஊசி, நூல், மருந்து, பஞ்சு என்று ஒரு டப்பா எப்போதும் தயாராக இருக்கும். ஊர் பேர் தெரியாத ஒருவரின் வியர்த்த பாதத்தை மடியில் வைத்து மருந்து போடுவது, முதல் நாள் யாருக்கும் லேசாக இருக்காது.

ஒரு விதி முக்கியம். தானே இந்தப் பாதையில் நடந்தவர்களைத்தான் ஒஸ்பித்தலேரோவாகச் சேர்க்கிறார்கள். அதன்பின் ஒரு சிறு பயிற்சி வகுப்பும் உண்டு. தண்ணீர் கேட்டு நின்றவருக்குத்தான் தண்ணீர் கொடுப்பதன் அருமை தெரியும் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

யாருக்கு யார் நன்றி சொல்வது?

வந்தவர்கள் எல்லோரும் நெகிழ்ந்து நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பாதிப் பேர் இருட்டோடு கிளம்பிவிடுவார்கள். முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. சிலர் வைஃபை வேகம் போதவில்லை என்பார்கள். சிலருக்குப் பக்கத்து மெத்தைக்காரரின் குறட்டைக்கும் ஒஸ்பித்தலேரோதான் பொறுப்பு. ‘சுற்றுலாப் பயணி அதிகாரமாகக் கேட்கிறார், யாத்ரீகர் நன்றி சொல்கிறார்’ என்று கமீனோவில் ஒரு வாசகம் உண்டு. பல சத்திரங்களின் சுவரில் தொங்குகிறது. சுவரில் எழுதி மாட்ட வேண்டியிருக்கிறது என்பதிலேயே விஷயம் புரிந்துவிடுகிறதே!

பெட்டி விஷயமும் அப்படித்தான். இத்தகைய சத்திரங்களுக்கு ‘தொனதீவோ’ என்று பெயர். கொடுப்பது உங்கள் விருப்பம் என்று பொருளே தவிர, இலவசம் என்று பொருளில்லை. ஆனால், இலவசம் என்றே எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். 30 பேர் சாப்பிட்டுத் தூங்கிப் போன மறுநாள், பெட்டியில் சில்லறை மட்டும் கிடந்தால் மனம் சுருங்காதா? யார் போட்டார், யார் போடவில்லை என்று கவனிக்கத் தோன்றாதா? கவனிக்கத் தொடங்கினால் இது சத்திரம் அல்ல, விலை எழுதாத ஹோட்டல். கழிவறை கழுவுவதைவிடக் கஷ்டமான வேலை, அந்தப் பெட்டியின் பக்கம் பார்க்காமல் இருப்பதுதான்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு விஷயத்தைச் சொல்வார்கள். ‘இன்று நீங்கள் சாப்பிடுவது நேற்று இங்கே தங்கியவர்கள் விட்டுப்போன காசில் வாங்கியது. நீங்கள் விட்டுப்போவது நாளை வருபவர்களுக்கு.’ நீள மேஜையைச் சுற்றி கொரியக்காரர், பிரேசில்காரர், போலந்துக்காரர் என்று உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு கணம் தட்டைப் பார்ப்பார்கள். நன்றி சொல்ல வேண்டியவர் இங்கே இல்லை. அவர் இந்நேரம் 20 கிலோமீட்டர் தள்ளி, வேறொரு சத்திரத்தில், வேறு யாரோ வாங்கிய பருப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. முன்னால் தள்ளிவிடத்தான் முடியும்.

சமைத்துப் பரிமாறும் ஒஸ்பித்தலேரோவுக்கும் இது பொருந்தும். தான் நடந்தபோது தன் காலுக்கு மருந்து போட்டவரை அவரும் மறுபடி பார்க்கப் போவதில்லை. அந்தக் கடனை அடைக்கத்தான் பலர் வருகிறார்கள். வந்த இடத்தில் வேறொன்று நடக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் யாரும் சொல்லாமலே ஒருவர் பாத்திரம் கழுவ நிற்பார், இன்னொருவர் துடைப்பார். மதியம் வைஃபைக்காகச் சண்டை போட்டவரே சில சமயம் அந்தத் துணியைக் கையில் எடுப்பார். கொடுக்க வந்தவர் அப்படியே வாங்குகிறவராக மாறி நிற்பார். அந்த ஈரக் கைகளுக்கு நடுவில் யார் யாருக்கு நன்றி சொல்வது?

கிரான்யோனில் சாப்பாடு முடிந்ததும் தேவாலயத்தின் பாடகர் மாடத்தில் ஒரு சின்னக் கூடுகை நடக்கும். விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு மெழுகுவத்தியைக் கைமாற்றிக்கொள்வார்கள். கையில் வத்தி இருப்பவர் தன் மொழியில் எதையாவது பேசலாம், பேசாமலும் இருக்கலாம். மற்றவர்களுக்குப் பாதி புரியாது. பரவாயில்லை.

பாதை நெடுக இதுபோல வேறு இடங்களும் உண்டு. பீசுவெர்கா ஆற்றங்கரையில் உள்ள சான் நிக்கோலாஸ் சத்திரத்தை இத்தாலியத் தொண்டர்கள் நடத்துகிறார்கள். பிரதானக் கூடத்தில் மின்சாரம் கிடையாது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பாடு. அதற்கு முன் வந்தவர்களின் பாதத்தைக் கழுவி முத்தமிடுவார்கள். மலையடிவாரத்து ரபனால் கிராமத்தில் பிரிட்டிஷ்காரர்கள் முன்னின்று 1991-ல் திறந்த சத்திரம் ஒன்று. அங்கே மாலை டீ கட்டாயம் உண்டு, அவர்களாயிற்றே!

கிரான்யோனுக்கு ஏழு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் சாந்தோ தொமிங்கோ ஊர். 11-ம் நூற்றாண்டில் வாழ்ந்த தொமிங்கோவை மடத்தில் சேர்த்துக்கொள்ளவில்லையாம். சரி என்று காட்டை வெட்டிப் பாதை போட்டு, ஆற்றுக்குப் பாலம் கட்டி, நடந்து வருபவர்களுக்கு ஒரு சத்திரமும் எழுப்பினார். பிற்காலத்தில் அவர் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார்கள்.

இப்போது நிலைமை மாறி வருகிறது. தனியார் விடுதிகள் பெருகிவிட்டன. போனிலேயே படுக்கையைப் பதிவு செய்யலாம், காசு கொடுத்தால் பையை அடுத்த ஊருக்கு வேனில் அனுப்பலாம். கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே சான்றிதழ் உண்டு என்பதால், அந்தத் தூரத்தை மட்டும் நடப்பவர்கள் ஏராளம். தப்பென்று சொல்ல முடியாது. எல்லோராலும் ஐந்து வாரம் லீவு போட முடியுமா? ஆனால், மின்கட்டணமும் கேஸும் ஏறிக்கொண்டே இருக்கும்போது, பெட்டியை நம்பி ஒரு வீட்டை நடத்துவது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிறது. தொனதீவோவாக இருந்து, கட்டணத்துக்கு மாறிய சத்திரங்களும் உண்டு.

15-ம் நாள் ஆள் மாறும் நாள். இத்தனை நாளில் கால் வீங்கி வந்த எத்தனையோ பேரை மருந்து போட்டு அனுப்பியிருப்பார் ஒஸ்பித்தலேரோ. கிரான்யோனிலிருந்து சாந்தியாகோ இன்னும் சுமார் 550 கிலோமீட்டர். அவர்களில் யார் போய்ச் சேர்ந்தார், யார் பாதியில் பஸ் ஏறினார் என்பது அவருக்குத் தெரியப்போவதில்லை. புதிதாக வருபவரிடம் சாவியைக் கொடுத்து, சமையலறையைக் காட்டுவார். பருப்பு எவ்வளவு மிச்சம், எந்தக் குழாய் ஒழுகும், எந்த அடுப்பு சட்டென்று பற்றாது. மணி ஒன்றாகப் போகிறது. கீழே தெருவில் கைத்தடி தட்டும் சத்தம் கேட்கிறது. இன்று வருபவர்களுக்குத் தண்ணீர் பிடித்து வைக்க வேண்டும்.