செய்கூலியின் விலை

நகைக்கடைக்குப் போய் வந்த எந்தக் குடும்பத் தலைவிக்கும் 'செய்கூலி' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பொன்னுக்கு ஒரு விலை. அதனை அட்டியலாகவோ காப்பாகவோ ஆக்கித் தருகின்ற பொற்கொல்லரின் உழைப்புக்கு வேறொரு விலை. நகையைத் திருப்பி விற்கும் நாள் வந்தால் பொன் தன் பெறுமதியைத் தந்துவிடும். செய்கூலி போனது போனதுதான். இது தெரிந்தும் செய்கூலி கொடுக்கிறோம். கொடுத்தது தகுமா, தகாதா என்று வீட்டுக்கு வந்தபின் வாதாடுகிறோம். அண்மையில் இதே வாதம் என் முன்னே ஒரு வழக்காக வந்து நின்றது. வழக்குப் பொருள்தான் வேறு. நகையன்று; துவிச்சக்கர வண்டியின் உருக்குச் சட்டகம்.

என்னிடம் பௌதிகம் பயின்ற மாணவன் ஒருவன் இங்கிலாந்தில் வைத்தியசாலையொன்றிலே கடமை புரிகிறான். வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே ஒன்பது மைல். மழையாயினும் பனியாயினும் போவதும் வருவதும் துவிச்சக்கர வண்டியிலேதான். தன் உடலளவுக்கு ஏற்ப ஒரு கைவினைஞரைக் கொண்டு உருக்குச் சட்டகம் ஒன்று செய்விக்க எண்ணியிருப்பதாகவும், அதன் விலை 2,000 பவுண் என்றும், இது வீண் செலவாகுமா என்றும் கேட்டு எனக்கு எழுதியிருந்தான். சில்லு, சங்கிலி, பிறேக், ஆசனம் ஒன்றும் அந்த விலைக்குள் அடங்கா. அதே கிழமையில் அவனுடைய தந்தையாரும் என்னைத் தேடி வந்தார். தோட்டம் செய்து பிள்ளைகளை ஆளாக்கிய மனிதர். "மாஸ்ரர், வெறும் பிரேமுக்கு மட்டும் எங்கடை காசிலை எட்டு இலட்சமாம். தங்கச்சிக்காரி கொழும்பிலை படிச்சு முடிக்க இன்னும் இரண்டு வருசம் கிடக்கு. நீங்கள் சொன்னால் கேப்பான்" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடக் கவலையே மிகுந்திருந்தது.

இருவரும் என் சொல்லை மதிப்பவர்கள். ஆதலால் ஆராயாமல் எதுவும் சொல்வதற்கில்லை. ஆராய்ந்ததில் தெளிந்தவற்றை, இத்தகைய கேள்வி பிற வீடுகளிலும் எழக்கூடும் என்பதனால், இங்கே எழுதுகிறேன்.

முதலில் உருக்கின் கதை. துவிச்சக்கர வண்டியின் சட்டகம் இரண்டு முக்கோணங்களால் ஆனது. 1890களில் நிலைபெற்ற இவ்வடிவம் இன்றுவரை பெரிதும் மாறவில்லை. குழாய்கள் ஒன்றையொன்று சந்திக்கும் மூட்டுக்களிலே தாக்கம் அதிகம், நடுப்பகுதியிலே குறைவு. ஆகவே குழாயின் முனைகளைத் தடிப்பாகவும் நடுவை மெல்லியதாகவும் செய்தால் வலிமை குறையாமலே பாரத்தைக் குறைக்கலாம். பேர்மிங்காம் நகரத்திலே ஆணி செய்து வந்த றெனோல்ட்ஸ் நிறுவனத்தார் 1897இல் இம்முறைக்கு ஆக்கவுரிமை பெற்றனர். 1935இல் மங்கனீசும் மொலிப்டினமும் கலந்த '531' என்னும் உருக்குக் குழாயை அவர்கள் வெளியிட்டனர். அதன் சுவர், முனைகளில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு; நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர். இத்தாலியில் மிலான் நகரத்துக் கொலம்பஸ் குழாய்களும் இவ்வாறே பெயர் பெற்றன. சட்டகத்திலே இந்தப் பெயர்களுள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தால் அதனை ஒரு பட்டம்போல் மதித்த பந்தய வீரர்கள் பலர்.

பௌதிகம் படிக்கும் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவான உருக்கும் விலையுயர்ந்த உருக்கும் வலிமையிலே வேறுபடும், விறைப்பிலே வேறுபடுவதில்லை. இரண்டுக்கும் யங்கின் மட்டு ஏறத்தாழ 200 கிகாபஸ்கால்தான். ஒரே விட்டமும் ஒரே தடிப்பும் உடைய இரு குழாய்கள், ஒன்று மலிவானதாயினும் மற்றது விலையுயர்ந்ததாயினும், ஒரே பாரத்துக்கு ஒரே அளவாகவே வளையும். நல்ல உருக்கு நமக்குத் தருவது, முறியாமல் மேலும் மெல்லியதாக இழுக்கலாம் என்ற வசதியை மட்டுமே. அதனால் அரைக் கிலோ மீதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுபது கிலோ மனிதனும் பத்துக் கிலோ வண்டியுமாகச் சேர்ந்து மேட்டில் ஏறும்போது, அந்த அரைக் கிலோ மொத்தப் பாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.

இதனை ஒப்பாதவர்கள் உண்டு. நல்ல உருக்கு உயிருள்ளது, தெருவின் அதிர்ச்சியை அது தானே வாங்கிக்கொள்ளும் என்று அவர்கள் சொல்வார்கள். 1990களில் அமெரிக்கச் சஞ்சிகையொன்று இக்கூற்றைச் சோதித்துப் பார்த்தது. மொண்டோனிக்கோ என்னும் இத்தாலியக் கைவினைஞரைக் கொண்டு, ஒரே அளவில், ஒரே தோற்றத்தில் ஏழு சட்டகங்களைச் செய்வித்தது. குழாய்கள் மட்டும் வெவ்வேறு. மலிவானவையும் உண்டு, விலையுயர்ந்தவையும் உண்டு. எது எந்தக் குழாய் என்று அறியாமல் ஓட்டிப் பார்த்த அனுபவசாலியால் அவற்றை நிச்சயமாகப் பிரித்தறிய முடியவில்லை. இதிலே வியப்பில்லை. சட்டகம் மேலும் கீழுமாக வளைவது மிகமிகச் சிறிது. காற்றடைத்த ரயரும் ஆசனமும் அமுங்குவது அதனிலும் பன்மடங்கு. 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த ரயருக்கு ஆக்கவுரிமை பெற்ற நாளிலிருந்து, நம் இடுப்பு வலியைத் தணித்து வருவது அந்தக் காற்றுத்தான். சற்று அகலமான ரயர் வாங்குவதற்கு 2,000 பவுண் வேண்டியதில்லை.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிக்கோ நகரத்திலே, ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடிச் சாதனை நிலைநாட்டினார். அவர் ஓட்டியது கொல்னாகோ என்னும் இத்தாலியர் செய்து கொடுத்த, ஆறு கிலோவுக்கும் குறைந்த உருக்கு வண்டி. பின்னாளில் விதிகளை மாற்றி, மெர்க்ஸ் காலத்து அமைப்பை ஒத்த வண்டியிலேயே போட்டியிட வேண்டும் என்றார்கள். 2000ஆம் ஆண்டில் ஆங்கில வீரர் கிறிஸ் போர்ட்மன் அவ்வாறு ஓடிக் கடந்த தூரம் 49.441 கிலோமீற்றர். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து வந்தவருக்குக் கிடைத்தது பத்து மீற்றர். ஓடுகின்றவன் காலும் நெஞ்சுமே தூரத்தைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு இதனைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

அப்படியானால் அந்த 2,000 பவுண் எங்கே போகிறது? குழாய்களின் விலை அதிலே சிறு பங்குதான். மற்றது செய்கூலி. கைவினைஞர் முதலிலே கால், உடல், கை ஆகியவற்றின் நீளங்களை அளக்கிறார். அளவுக்கேற்ப ஒரு படம் வரைகிறார். ஒவ்வொரு குழாயின் முனையையும், அது தொடவேண்டிய மற்றக் குழாயின் வளைவுக்குப் பொருந்துமாறு அரத்தினால் அராவுகிறார். மூட்டுக்களிலே உருக்குக் கூடுகளைப் பொருத்திப் பித்தளையை உருக்கி ஓடவிடுகிறார். வெப்பம் ஏறக்குறைய 900 பாகை. குறைந்தால் பித்தளை ஓடாது. மிஞ்சினால் மெல்லிய குழாயின் வலிமை கெடும். ஒட்டியபின் கோணல் பார்த்து நிமிர்த்தி, மூட்டுக்களை மினுக்கி, வர்ணம் பூச வேண்டும். இருபது முப்பது மணித்தியால வேலை என்பது மிகையன்று. அவ்வளவு நேரமும் ஒரே மனிதருடைய கண்ணும் கையும் ஒரே பொருளில் நிற்கின்றன. இந்தத் தொழிலைச் செய்வோர் பெருஞ்செல்வராக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தச் செய்கூலி யாருக்குப் பயன்படும்? பெரிய தொழிற்சாலைகள் ஐந்தாறு அளவுகளிலே சட்டகம் செய்கின்றன. நடுத்தர உயரமுள்ளவருக்கு அவற்றுள் ஒன்று பெரும்பாலும் பொருந்திவிடும். ஆசனத்தையும் ஹாண்டிலையும் சற்று நகர்த்தினால் போதும். மிக உயர்ந்தவருக்கும் மிகக் குட்டையானவருக்குமே இடர்ப்பாடு. சில்லின் பருமன் மாறாமல் சட்டகத்தை மட்டும் சிறிதாக்கினால், வளைவிலே திரும்பும்போது முன்சில்லு பாதத்தில் முட்டும். முட்டாமலிருக்க முன்பக்கத்தை நீட்டினால் ஹாண்டில் கைக்கு எட்டாமற் போகும். அளவெடுத்துச் செய்பவரோ சிறிய சில்லைத் தெரிந்து, குழாய்களின் கோணத்தையும் மாற்றி, இந்தச் சிக்கலை அடியிலேயே தீர்த்துவிடுவார். என் மாணவன் ஐந்தடி ஓரங்குல உயரம். நான்கு ஆண்டுகளாகத் தோள் வலியோடு வண்டி ஓடுகிறான். அவன் கேள்வியை நான் ஆடம்பரம் என்று தள்ளிவிடாமைக்கு இதுவே காரணம்.

ஜப்பானிலே இதற்கு நல்ல உதாரணம் ஒன்றுண்டு. 1948இல் கொக்குரா நகரத்திலே தொடங்கிய 'கெய்ரின்' பந்தயத்தில், அனுமதி பெற்ற கைவினைஞர்கள் செய்த உருக்குச் சட்டகங்களையே வீரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். ஒவ்வொன்றும் அவரவர் உடலுக்கு அளவெடுத்துச் செய்தது. 1977 முதல் 1986 வரை பத்து ஆண்டுகள் தொடர்ந்து உலக விரைவோட்டப் பட்டம் வென்ற நக்கானோ கொயிச்சி, இத்தாலியிலே தொழில் பயின்று திரும்பிய நகசவா என்பவர் செய்த சட்டகத்திலேயே ஓடினார். அவர்களுக்கு அது விளையாட்டுப் பொருளன்று; உலையில் அரிசி போடும் கருவி. தச்சன் நல்ல உளி வாங்குவதை யார் குறை சொல்வார்?

ஆயினும், நெடுங்காலம் உழைக்கும் என்பதற்காக மட்டும் இவ்வளவு பணம் கொடுக்க வேண்டியதில்லை. இதற்குச் சாட்சி யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. நொற்றிங்காமிலே தொழிற்சாலையில் ஆயிரமாயிரமாகச் செய்யப்பட்ட றலி வண்டிகள் நம் பாட்டன்மார் காலத்தில் இங்கே வந்தன. யாரும் யாருக்கும் அளவெடுக்கவில்லை. தகப்பன் ஏறிய வண்டியிலே மகன் பாருக்குக் கீழாலே காலை விட்டு ஓடப் பழகினான். 1990க்கும் 1995க்கும் இடையே எரிபொருள் அரிதாயிருந்த காலத்தில், நோயாளியையும் விறகையும் அரிசி மூட்டையையும் சுமந்தவை அந்த வண்டிகளே. சில்லைச் சுழற்றி டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டோம். நொற்றிங்காமிலே சட்டக உற்பத்தி 1999இல் நின்றது. 2002இல் தொழிற்சாலையும் மூடப்பட்டது. அங்கே செய்த வண்டிகளுள் சில இன்னும் நம் ஒழுங்கைகளில் ஓடுகின்றன. சாதாரண உருக்கே எண்ணெயும் கவனிப்பும் இருந்தால் இரண்டு தலைமுறை உழைக்கும். குழாய் முறிந்தாலும் ஒட்டலாம்.

ஆகவே, விலையுயர்ந்த சட்டகத்திலே நாம் வாங்குவது வேகமன்று, சொகுசன்று, ஆயுளுமன்று. வாங்குவது அளவு; அதனோடு, அழகிய வேலைப்பாட்டைத் தினமும் காணும் மகிழ்ச்சி. மகிழ்ச்சி பொய்யானது என்று நான் சொல்லவில்லை. அட்டியலின் வேலைப்பாடும் கழுத்தை வளர்ப்பதில்லை. ஆனால் மகிழ்ச்சிக்குக் கொடுக்கும் பணத்தை 'அவசியம்' என்ற கணக்கிலே எழுதக்கூடாது. ஒருவர் உடலுக்குச் செய்ததை இன்னொருவர் நல்ல விலைக்கு வாங்கமாட்டார் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கணக்கையும் பார்த்தேன். நாளுக்கு 18 மைல், ஆண்டுக்கு 200 நாள், பத்து ஆண்டு என்றால் 36,000 மைல். 2,000 பவுணை அதனால் வகுத்தால் மைலுக்கு ஆறு பென்சும் ஆகாது. இதே சட்டகத்தை வாங்கி ஆண்டுக்கு 200 மைல் மட்டும் ஓடுபவருக்கு மைலுக்கு ஒரு பவுண் விழும். பொருள் ஒன்றுதான், அது ஒருவருக்கு மலிவு, மற்றவருக்கு ஊதாரித்தனம்.

மாணவனுக்கு நான் எழுதிய பதில் இதுதான்: முதலிலே, சிறு தொகை கொடுத்து, தேர்ந்த ஒருவரிடம் உடலளவை எடுத்துக்கொள். அந்த அளவோடு கடைகளிலுள்ள ஆகச்சிறிய சட்டகங்களில் ஏறிப் பார். ஒன்று பொருந்தினால் அதனை வாங்கி, அகலமான ரயரும் போட்டுக்கொள். பொருந்தாவிட்டால் கைவினைஞரிடம் போ. ஆனால் தங்கையின் பணத்தைத் தொடாதே. நல்ல கைவினைஞரிடம் மாதக் கணக்கிலே காத்திருக்க வேண்டியிருக்கும். அந்தக் காலத்தைச் சேமிப்புக் காலமாக வைத்துக்கொள்.

தந்தையாரிடமும் இதனையே சொன்னேன். "தோள்வலி எண்டு அவன் எங்களுக்குச் சொல்லேல்லை, மாஸ்ரர்" என்றார். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின், விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அளவெடுக்கிறவர் நல்ல வேலைக்காரரா என்று மட்டும் கேட்டார். மாணவன் அளவெடுத்துப் பார்த்தான். கடைச் சட்டகங்களில் ஒன்றும் அவன் பாதத்துக்கு வழி விடவில்லை. பட்டறையிலே பெயரைப் பதிந்திருக்கிறான். தங்கைக்குப் பணம் மாதந்தோறும் தவறாமல் வருகிறது.

பிள்ளைகள் விலையுயர்ந்த பொருளொன்றைக் கேட்கும்போது பெற்றோர் விலையைக் கேட்டவுடனே மறுப்பதும், பிள்ளைகள் பெயரைக் கேட்டவுடனே மயங்குவதும் நம் வீடுகளிலே வழக்கமாகிவிட்டன. இவ்விரண்டுக்கும் முன்னர்க் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்த விலையிலே பொருளுக்கு எவ்வளவு, செய்கூலிக்கு எவ்வளவு? அந்தச் செய்கூலி எனக்கு இருக்கும் எந்தக் குறையைத் தீர்க்கிறது? நான் இதனை எத்தனை நாள் பயன்படுத்துவேன்? இவற்றுக்கு விடை கிடைத்தபின் வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி, வீட்டிலே வாதம் குறையும்.