நீறு பூத்த நெருப்பு

"எல்லாம் உடம்புச் சூடுதான். இரண்டு நாள் மோரும் வெந்தயமும் சாப்பிடு, சரியாகிவிடும்" என்றார் என் மாமியார்.

2009இல், மலத்தோடு ரத்தமும் சளியும் போகிறதென்று நான் கூசிக் கூசிச் சொன்னபோது கிடைத்த வைத்தியம் இது. அவர் மேல் தப்பில்லை. நான் சொன்னதே பாதிதான். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை எழுந்து ஓடுவதைச் சொல்லவில்லை. யாராவது கேட்டால் 'மூலம்' என்று சொல்லி மழுப்பிவிடுவேன். இந்தச் சமாசாரத்தை வாய்விட்டுச் சொல்ல நமக்கெல்லாம் எவ்வளவு வெட்கம்!

ஒரு கல்யாண வீட்டில் மயங்கி விழுந்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனாஸ்கோபி செய்து, 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்றார்கள். பெருங்குடலின் உட்புறத் தோல் சிவந்து வீங்கிப் புண்ணாகிற அழற்சி நோய். தினமும் மெசலமைன் மாத்திரை. சில மாதங்களில் பழையபடி ஆகிவிட்டேன்.

அப்புறம்தான் என் அசட்டுத்தனம். உடம்பு நன்றாயிருக்கும்போது மாத்திரை எதற்கு? மாதாமாதம் தண்டச் செலவு. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்காவது ஆகுமே என்று நானாகவே நிறுத்தினேன். ரத்தம் பார்த்தால் பத்து நாள் போடுவேன்; நின்றால் விட்டுவிடுவேன். இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

2022இல் மறுபடி வயிறு தொல்லை கொடுத்தது. புதிதாகப் பார்த்த டாக்டரம்மா, "இது வந்து எத்தனை வருஷமாச்சு?" என்றார்.

"13 வருஷம்."

"நடுவுல எத்தனை தடவை கொலோனாஸ்கோபி பண்ணிக்கிட்டீங்க?"

"ஒரு தடவைகூட இல்லை."

அவர் முகம் மாறியது. "விறகடுப்பு எரிச்சிருக்கீங்களாம்மா? மேலே சாம்பல் பூத்து அணைஞ்ச மாதிரி இருக்கும். உள்ளே கங்கு இருக்கும். உங்க குடலும் அப்படித்தான்" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். குடலின் உட்புறத் தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளுமாம். அழற்சி இருந்தால், புண்ணை ஆற்றுவதற்காக அது இன்னும் வேகமாகப் புதுச் செல்களை உண்டாக்க வேண்டியிருக்கிறது. நம்மைக் காக்க வருகிற வெள்ளை அணுக்கள் கக்கும் காரமான பொருள்கள் அந்தச் செல்களின் மரபணுவையும் காயப்படுத்துகின்றன. அவசரத் தையலில் பிசகு விழுகிற மாதிரி, வருஷக்கணக்கில் இந்தப் பிசகுகள் சேர்ந்தால் ஒரு செல் கட்டுமீறி வளர ஆரம்பிக்கும். அதுதான் புற்று.

அதோடு தீரவில்லை. கொலைட்டிஸ் இல்லாதவருக்கு வரும் குடல் கட்டியும் தன்னைச் சுற்றி அழற்சியை உண்டாக்கிக்கொள்ளுமாம். புண்ணை ஆற்ற உடம்பு புது ரத்தக் குழாய்களை வளர்க்கும். கட்டி அதையே சாப்பாட்டு வழியாக்கிக்கொண்டு பெருக்கும், பரவும். ஹெரால்ட் துவோராக் என்ற அமெரிக்க மருத்துவர் 1986இலேயே, புற்றுக்கட்டி என்பது ஆறாத புண் போன்றது என்று எழுதியிருக்கிறாராம்.

கொலோனாஸ்கோபியில் ஓரிடத்தில் சின்ன மேடு தெரிந்தது. அதை அப்போதே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை குழம்புக்கு உப்புப் போட்டேனா என்பதுகூட நினைவில்லை. அதிகம் பேசாத என் கணவர், ராத்திரியில் எழுந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுப்பார். தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்.

"புற்று இல்லை. ஆனா அந்தப் பாதையில முதல் அடி வெச்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. இப்போது ஒரு நாள்கூட மாத்திரையை விடுவதில்லை. வருஷா வருஷம் பரிசோதனையும் செய்துகொள்கிறேன். முதல் நாள் குடல் சுத்தமாகக் குடிக்கும் மருந்துத் தண்ணீர்தான் சங்கடம். மற்றபடி மயக்க ஊசியில் ஒன்றும் தெரிவதில்லை.

இதைக் கேட்ட பக்கத்து வீட்டு மாமி, "ஆஸ்பிரின் போட்டா குடல் புற்று வராதாமே, நானும் போடட்டுமா?" என்றார். என் டாக்டரம்மாவிடமே கேட்டேன். சிலருக்கு அது பயன்படுவது உண்மைதான். ஆனால் வயிற்றில் ரத்தக் கசிவு உண்டாக்கலாம், டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது என்றார். கொலைட்டிஸ் உள்ளவர்கள் வலி மாத்திரைகளைக்கூடக் கேட்டுத்தான் போட வேண்டுமாம்.

சகோதரிகளே, பயமுறுத்த இதை எழுதவில்லை. கொலைட்டிஸ் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை. ஆனால் நோய் வந்து 8 வருஷமானால் கொலோனாஸ்கோபி செய்து பார்த்துவிடுங்கள். ரத்தம் போனால் 'சூடு', 'மூலம்' என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள். வலி நின்றுவிட்டதென்று மருந்தை நிறுத்தாதீர்கள்.

அடுப்படியில் அத்தனை வருஷம் நின்றவள் நான். சாம்பலைக் கிளறிப் பார்க்காமல் அடுப்பை விட்டு நகர்ந்ததே இல்லை. என் உடம்பு விஷயத்தில் மட்டும் அதை மறந்துபோனேன். நீங்கள் மறக்காதீர்கள்.